பழைய சேலையில் ஒரு கதை: ஆர்ட் குவில்ட் தைப்பதும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதும்

ஆர்ட் குவில்ட் என்றதும் "மெத்தை விரிப்பா?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். பாதி சரி. மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சோ கனத்த துணியோ, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல். இதுவரைக்கும் குவில்ட். கட்டிலில் விரிக்க இல்லாமல் சுவரில் மாட்டவென்று, படம் வரைவது போல யோசித்துத் தைத்தால் ஆர்ட் குவில்ட். அமெரிக்காவில் 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. 1979இல் ஒஹையோ மாநிலத்தின் ஏதென்ஸ் ஊரில், ஒரு பழைய பால்பண்ணைக் கொட்டகையில், 'குவில்ட் நேஷனல்' கண்காட்சி தொடங்கியது. பெயர் அங்கே கிடைத்ததுதான். ஆனால் துண்டுத் துணியை வெட்டித் தைத்து உருவம் காட்டுகிற வேலை நமக்குப் புதிதில்லை. தேரைச் சுற்றி உருளை உருளையாகத் தொங்கும் தஞ்சாவூர்த் தொம்பைகளைப் பாருங்கள், அதே கைவேலைதான்.

இரண்டு வேலைகளையும் இங்கே சேர்த்தே சொல்கிறேன். முதலில் நீங்கள் ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் ஒன்று தைக்கப் போகிறீர்கள். அதன் பிறகு அதை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகப் போகிறீர்கள். வரிசையை மாற்ற வேண்டாம். நூல் எங்கே சிக்கும், துணி எங்கே இழுக்கும் என்று உங்கள் விரலுக்குத் தெரியாவிட்டால் முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் "மிஸ், முடிச்சு விழுந்திருச்சு" என்று கூப்பிடும்போது திணறிப்போவீர்கள்.

துணி

பருத்திதான். பட்டும் பாலியஸ்டரும் வழுக்கும், ஓரம் பிரியும். பழைய பருத்திச் சேலையும் வேட்டியும் நன்றாகத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும், ஊசி வெண்ணெயில் போவது போலப் போகும். டெய்லர் கடையில் கேட்டால் ரவிக்கை வெட்டிய துண்டுகள் ஒரு பை நிறையக் கிடைக்கும். அதில் பாதி பாலியஸ்டர் கலந்ததாக இருக்கும். ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாடையும் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிக் கட்டியாக நின்றால் ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து சாயம். என் முதல் குவில்ட்டில் ஒரு நிலா இருந்தது, வெள்ளை மல் துணியில். பக்கத்தில் சிவப்புச் சுங்குடியில் ஒரு வீடு. எல்லாம் முடித்து, தூசி போகட்டும் என்று தண்ணீரில் முக்கினேன். நிலா ரோஜா நிறமாகிவிட்டது. பார்த்தவர்கள் அழகாக இருக்கிறது என்றார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. அதனால் அழுத்தமான சிவப்பு, கறுப்பு, நீலம் எதுவானாலும் ஒரு மூலையை ஈரமாக்கி, வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் கறை ஏறினால், சாயம் விடுவது நிற்கும்வரை துவைக்கலாம். அதற்குப் பொறுமை இல்லையென்றால் அந்தத் துணியே வேண்டாம்.

நடுத்துணிக்குக் கடையில் பஞ்சு ஷீட் விற்கிறார்கள். கையால் தைப்பதென்றால் எனக்குப் பழைய ஃபிளானல் துணியோ தேய்ந்த மெல்லிய போர்வையோதான் பிடிக்கும். பஞ்சு ஷீட் உப்பலாக அழகாக நிற்கும், ஆனால் பிள்ளைகளின் சின்னக் கைக்கு மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்க முடியாது. அடித்துணி காடாத் துணி. அடித்துணி, நடுத்துணி இரண்டையும் 14 அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். தைக்கத் தைக்கத் துணி உள்வாங்கும், முடிவில் 12 அங்குலம் வேண்டுமென்றால் இந்த இரண்டு அங்குலம் கையில் இருக்க வேண்டும்.

என்ன படம்?

பூ, கிளி, மாங்காய் என்று ஆரம்பிக்காதீர்கள். அதெல்லாம் எம்பிராய்டரிப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. உங்களுக்கு நடந்த ஒன்றை எடுங்கள். மழையில் பஸ் வராமல் நின்ற ஒரு சாயங்காலம் போதும். செய்தித்தாளில் அதே 12 அங்குல அளவில் வரையுங்கள். அதில் ஐந்து உருவங்களுக்கு மேல் இருந்தால் குறையுங்கள். நிழற்குடை, ஒரு ஆள், ஒரு பை, சாலை, மழை. மழைக்குத் தனியாகத் துணி வெட்டக்கூட வேண்டாம். மதுரைச் சுங்குடியின் புள்ளிகளே மழை. இப்படித் துணியில் ஏற்கெனவே இருப்பதைப் படமாகப் பார்ப்பதுதான் இந்த வேலையில் பாதி சுகம். கட்டம் போட்ட லுங்கி வயலாகும், சேலைக் கரை ரயில் தண்டவாளமாகும்.

உருவங்களைக் காகிதத்திலிருந்து வெட்டி, துணிமேல் வைத்து, டெய்லர் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுங்கள். எல்லாவற்றையும் மேல்துணியில் பரப்பிவைத்து மொபைலில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். ஆளும் சாலையும் ஒரே சாம்பல் நிறத்தில் கரைந்துபோனால், கண்ணுக்கு எவ்வளவு வேறு நிறமாக இருந்தாலும் தூரத்திலிருந்து தெரியாது. ஒன்றை வெளுப்பாகவோ கருப்பாகவோ மாற்றுங்கள். நிறத்தைவிட வெளிச்சமும் இருட்டும்தான் படத்தைத் தூக்கும்.

ஒட்டுவதும் அடுக்குவதும்

மேல்துணியும் 14 அங்குலச் சதுரம்தான். உருவங்களின் ஓரத்தைக் கால் அங்குலம் உள்ளே மடித்து நுண்ணிய தையலில் பதிப்பது ஒரு வழி. வளைவு வரும் இடங்களில் ஓரத்தில் சின்னச் சின்னதாகக் கத்திரி போட்டால் மடிப்பு அடங்கும். மடிக்காமல் அப்படியே வைத்து மேலே தைப்பது இன்னொரு வழி. ஓரத்தில் நூல் பிசிறு தெரியும், அதுவும் ஒரு அழகுதான். பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் சரி.

உருவம் நகராமல் இருக்கக் கம் ஸ்டிக்கை லேசாகத் தொட்டுக்கொள்ளலாம், நடுவில் மட்டும். வெள்ளைக் கோந்தைப் பூசிவிடாதீர்கள். காய்ந்ததும் துணி அட்டை போல விறைக்கும், ஊசி இறங்காது, இறங்கினாலும் பிசுபிசுப்பு ஏறி நூல் அறும். மைதாப் பசையும் வேண்டாம், பூச்சி தேடி வரும்.

இனி மூன்று அடுக்கு. அடித்துணியை நல்ல பக்கம் கீழே பார்க்க மேசையில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், இழுத்துப் பிடித்தால் பிறகு சுருங்கிக்கொள்ளும். மேலே நடுத்துணி, அதன் மேல் படம். உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்துங்கள், நடுவில் ஆரம்பித்து வெளியே போங்கள். ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவில் துணி குவிந்து நிற்கும்.

ஓட்டுத்தையல் ஒன்று போதும்

சங்கிலித் தையல், காம்புத் தையல், முடிச்சுத் தையல் எல்லாம் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. ஊசியை மேலே கீழே என்று விட்டு விட்டு எடுத்துக்கொண்டே போவதுதான் ஓட்டுத்தையல். வங்காளத்துக் காந்தாப் போர்வை முழுக்க முழுக்க அதை நம்பித்தான் இருக்கிறது. பழைய சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைப்பார்கள்.

எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும். அதில் மூன்றை மட்டும் பிரித்தெடுங்கள். நீளம் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, அதற்கு மேல் போனால் சிக்கும். நுனியில் முடிச்சு. மேல்துணியில் ஓரிடத்தில் ஊசியை இறக்கி அரை அங்குலம் தள்ளி எடுத்து, வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தால் 'டப்' என்று முடிச்சு உள்ளே போய் நடுத்துணியில் மாட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் முதல்முறை கேட்கும்போது பெரியவர்களுக்கே சிரிப்பு வரும்.

நடு உருவத்தின் ஓரத்தை ஒட்டி ஒரு சுற்று. அதிலிருந்து கால் அங்குலம் தள்ளி இன்னொரு சுற்று. குளத்தில் கல் விழுந்த அலை போல வெளியே போய்க்கொண்டே இருங்கள். அங்குலத்துக்கு நான்கு ஐந்து தையல் விழுந்தால் தாராளம். எண்ணிக்கையைவிட ஒரே சீராக விழுவது முக்கியம். எங்கேயும் மூன்று அங்குலத்துக்கு மேல் தையல் இல்லாத வெற்றிடம் வேண்டாம், நடுத்துணி நகர்ந்து திரளும். ஒவ்வொரு தையலிலும் ஊசி அடித்துணி வரைக்கும் போகிறதா என்று அவ்வப்போது திருப்பிப் பாருங்கள். நான் ஒருமுறை ஒரு மாலை முழுக்க இரண்டு அடுக்கை மட்டும் தைத்துக்கொண்டிருந்தேன்.

மிஷினிலும் செய்யலாம். துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டோ தகட்டால் மூடிவிட்டோ, துணியைக் கையால் நகர்த்திப் படம் வரைவது போல ஓட்ட வேண்டும். கை வேகமும் கால் வேகமும் ஒத்துவர ஒரு வாரம் பழைய துணியில் ஓட்டிப் பாருங்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

ஓரம்

தையல் முடிந்ததும் ஒரு அடி டைல்ஸ் ஒன்றை மேலே வைத்துச் சுற்றி வெட்டுங்கள். மூலைமட்டம் தேடி அலைய வேண்டியதில்லை. சுற்றளவு நான்கு அடி. மூலை மடிப்புக்கும் சேர்த்து இரண்டேகால் அங்குல அகலத்தில் 58 அங்குலம் நீளமுள்ள பட்டி வேண்டும். அதை நீளவாக்கில் இரண்டாக மடித்து, முன்பக்கம் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் பதியுங்கள். ஜரிகைக் கரையைப் பட்டியாகப் போட ஆசை வரும். மூலையில் மடிக்கும்போது அது முண்டு முண்டாக நிற்கும். பருத்திக் கரை போடுங்கள். பின்பக்கம் மேலே நான்கு அங்குல அகலத் துணியைக் குழாயாகத் தைத்துவிட்டால் மூங்கில் குச்சி செருகி மாட்டலாம்.

பின்பக்கம் ஒரு துண்டு வெள்ளைத் துணியில் பெயர், ஊர், ஆண்டு, இது யார் சேலை என்பதை எழுதித் தையுங்கள். இதை யாரும் செய்வதில்லை. ஏன் செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு கதை உண்டு, வகுப்பிலும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஹேரியட் பவர்ஸ், 1837இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். 1886இல் ஏதென்ஸ் நகரத்துக் கண்காட்சியில் அவர் தைத்த பைபிள் குவில்ட் இருந்தது. (முன்பு சொன்னது ஒஹையோ ஏதென்ஸ், இது ஜார்ஜியா ஏதென்ஸ்.) ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், பவர்ஸ் கொடுக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் பணமுடை வந்து 10 டாலர் கேட்டார், 5 டாலருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். போவதற்கு முன் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல ஸ்மித் எழுதிவைத்துக்கொண்டார். பிறகும் தன் குவில்ட்டைப் பார்க்க பவர்ஸ் சில தடவை வந்தாராம். அந்த விளக்கம் எழுதப்பட்டிராவிட்டால் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தத் துணியில் பாதி உருவங்கள் யார் என்றே தெரியாமல் போயிருக்கும். அவருடைய இன்னொரு குவில்ட் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 15 கட்டங்கள். அதில் 1833இல் நட்சத்திரங்கள் மழையாகக் கொட்டிய இரவு உண்டு. 1780 மே 19 அன்று பட்டப்பகலில் இருட்டிப்போன நாளும் உண்டு. இரண்டும் அவர் பிறப்பதற்கு முன் நடந்தவை. காதால் கேட்டதைத் தைத்திருக்கிறார்.

வகுப்புக்குப் போகுமுன்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் என்றால் கூர் ஊசி கொடுக்கலாம். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குச் சாக்குத் துணி, கம்பளி நூல், முனை மழுங்கிய பெரிய ஊசி. சாக்கில் ஓட்டை கண்ணுக்குத் தெரியும், அதனால் மேலே கீழே என்கிற தாளம் சீக்கிரம் பிடிபடும். பள்ளியில் தையல் ஆசிரியர் இருந்தால் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு அம்மாக்களை அழையுங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் இருந்தால் மூச்சு விடலாம்.

ஒரு வாரம் முன்னதாகவே வீட்டுக்குச் சீட்டு அனுப்புங்கள்: பழைய பருத்தித் துணி, உள்ளங்கை அளவு இரண்டு துண்டு, வீட்டில் கேட்டுவிட்டு மட்டும். சீட்டு இல்லாமல் வாயால் சொன்னேன் ஒரு தடவை. ஒரு பெண் அவள் அம்மாவின் புதுச் சேலையில் ஒரு மூலையை வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் அந்த அம்மா பள்ளி வாசலில் நின்றதைச் சொல்ல மாட்டேன். செத்துப்போன தாத்தாவின் வேட்டியை முழுசாகக் கொண்டுவருகிற பிள்ளையும் இருப்பான். ஓரத்திலிருந்து ஒரு சின்னத் துண்டு மட்டும் வெட்டிக்கொண்டு, மீதியை மடித்து அவன் பையிலேயே வைத்து அனுப்புங்கள். துணி கொண்டுவர முடியாதவர்கள் இருப்பார்கள். ஒரு பை துண்டுகளை எல்லோருக்கும் பொதுவாக மேசையில் கொட்டிவையுங்கள், யார் கொண்டுவந்தது என்ற கணக்கே இருக்கக் கூடாது.

ஊசி கணக்கு மட்டும் கறாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு அட்டையிலும் பிள்ளையின் பெயரும் ஒரு ஊசியும். முப்பது வெளியே போனால் முப்பது திரும்பி வந்த பிறகுதான் வகுப்பு கலையும். தரையில் விழுந்ததைத் தேட ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கத்திரி துணியை வெட்டாது, கடித்துத் துப்பும். நல்ல கத்திரியோடு ஒரு பெரியவர் தனி மேசையில் உட்காரட்டும், பிள்ளைகள் கோடு போட்டுக்கொண்டு வரிசையில் வரட்டும்.

எட்டு பீரியட்

நாற்பது நிமிட பீரியட் எட்டு வேண்டும். முதல் பீரியடில் ஊசியைத் தொடவே வேண்டாம். நீங்கள் தைத்ததைக் கையில் கொடுங்கள், தடவிப் பார்க்கட்டும், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். பவர்ஸ் கதை சொல்லுங்கள். அமெரிக்க ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்ட் 1988இல் செய்த 'டார் பீச்' குவில்ட்டின் படத்தைக் காட்டுங்கள். நியூயார்க் மாடிமேல் வீட்டார் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்க, எட்டு வயதுச் சிறுமி பாலத்துக்கு மேலே பறக்கிற காட்சி. ரிங்கோல்டும் பல ஆண்டுகள் நியூயார்க் அரசுப் பள்ளிகளில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்த பிள்ளைகளுக்கு அந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. "உன் வீட்டு மாடியிலிருந்து பறந்தா எது மேல பறப்பே?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது பீரியட் காகிதத்தில் வரைய. மூன்றாவது, நூல் கோர்க்கவும் முடிச்சுப் போடவும் மட்டும். முழு பீரியடும் அதற்கே போகும், போகட்டும். நூல் நுனியைச் சாய்வாக வெட்டிக் கொடுங்கள். பயிற்சிக்குக் கட்டம் போட்ட லுங்கித் துணியைவிட நல்லது கிடையாது. கோடு ஏற்கெனவே இருக்கிறது, அதன் மேலேயே ஓட்டுத்தையல் போட்டால் நேராக வரும். இடது கைப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்கார்ந்து காட்டுங்கள், கண்ணாடியைப் பார்ப்பது போலப் பிடித்துக்கொள்வார்கள். "தையல் பொம்பளப் பிள்ளைங்க வேலை" என்று ஒரு பையன் சொல்லாமல் இருக்க மாட்டான். அவன் சட்டையைத் தைத்த டெய்லர் யார் என்று கேட்டால் போதும்.

நான்கிலிருந்து ஏழு வரை கட்டம். ஒவ்வொருவருக்கும் 7 அங்குலக் காடாத் துணி, அதில் 6 அங்குலச் சதுரம் கோடு போட்டுக் கொடுங்கள். கோட்டுக்கு வெளியே உள்ள அரை அங்குலம் தைத்துச் சேர்க்க வேண்டிய இடம், அங்கே உருவம் போனால் பாதித் தலை உள்ளே மறைந்துவிடும். இதை முதல் நாளே சொல்லுங்கள், நான்காவது நாள் சொன்னால் அழுகை வரும். பிள்ளைகள் தைப்பது மேல்துணியில் மட்டும். அடுக்குகளைச் சேர்ப்பது பிறகு.

அவர்கள் தையலைப் பிரித்துத் திருத்தாதீர்கள். முடிச்சு விட்டுப்போகாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். நான் ஒரு தடவை திருத்தினேன், அந்தப் பையன் அடுத்த வாரம் வயிற்றுவலி என்று வரவில்லை.

நேரம் குறைவாக இருந்தால் வேறு வழி உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழும் சித்திகள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். அவர்கள் தைக்கும் கவந்திப் போர்வை ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே உள்ளே போய் நடுவில் முடியும். துண்டுகளை ஓரம் மடித்து வைத்து வைத்து ஓட்டுத்தையலில் பிடித்துக்கொண்டே போவார்கள், முடிவில் நான்கு மூலையிலும் பூ என்று சின்ன மடிப்புத் துணி ஒன்றை வைப்பார்கள். ஒரு பழைய சேலையைச் சதுரமாக வெட்டி, பக்கத்துக்கு இரண்டு பேராக எட்டுப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் தைக்கலாம். நடுவை நெருங்க நெருங்கத் தலைகள் முட்டும், அப்போது முறை வைத்துக்கொள்ளட்டும்.

சேர்ப்பது

முப்பது கட்டம், ஐந்துக்கு ஆறு. நடுவிலும் சுற்றிலும் 2 அங்குலப் பட்டி வைத்துத் தைத்தால் 42க்கு 50 அங்குலம் வரும். ஒரு சேலையின் அகலம் 45 அங்குலத்துக்கு மேல் இருக்கும், அதனால் பின்துணிக்கு ஒட்டுப் போட வேண்டாம். கட்டங்களைச் சேர்ப்பதை நீங்களே மிஷினில் செய்யுங்கள். மூன்று அடுக்கையும் சேர்த்து, பட்டிகளின் மேல் பிள்ளைகள் ஓட்டுத்தையல் போடட்டும். ஆளுக்கு ஒரு கை நூல்.

எட்டாவது பீரியட் பேச்சு. ஒவ்வொருவராகத் தன் கட்டத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும், நீங்கள் எழுத வேண்டும், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே. எழுதியதைத் துணியில் மையால் பிரதி எடுத்து, அந்தந்தக் கட்டத்துக்கு நேர் பின்னால் தைத்துவிடுங்கள்.

சென்ற முறை ஒரு பெண்ணின் கட்டம் முழுக்கக் கறுப்பு. குடைத்துணியில் வெட்டியது போல ஒரே கறுப்பு, நடுவில் மஞ்சள் நூலில் ஒரே ஒரு தையல். பாவம், நேரம் போதவில்லை போலிருக்கிறது, இன்னும் ஒரு பூவாவது வைக்கச் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை, கேட்டேன். "கரண்ட் போயிருச்சு மிஸ். இது எங்க வீடு. இது மெழுகுவத்தி. அதுக்குப் பின்னாடி நாங்க நாலு பேரும் இருக்கோம்." பின்னால் அப்படியே எழுதித் தைத்திருக்கிறேன்.

குவில்ட்டை வெயில் படாத சுவரில் மாட்டுங்கள், சாயம் வெளுக்கும். எடுத்துவைக்கும்போது மடிக்காமல், பழைய வேட்டியை உள்ளே வைத்துப் பாய் போலச் சுருட்டி, படம் வெளிப்பக்கம் இருக்குமாறு, ஒரு துண்டு வசம்போடு வைத்தால் போதும்.